பானுக்குள் எஸ்டிஎன்: மூளையை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம்?



நெட்வொர்க்ஸ் பேப்பரில் ஒரு வரி நம்ம எல்லாருக்கும் மனப்பாடம்: "கன்ட்ரோல் பிளேனையும் டேட்டா பிளேனையும் பிரிப்பதே சாஃப்ட்வேர் டிஃபைன்டு நெட்வொர்க்கிங்." ஆப்டிகல் கம்யூனிகேஷன் பேப்பரில் இன்னொரு வரி: "மின்சாரம் தேவைப்படாத ஸ்ப்ளிட்டர் மூலம் ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பகிர்வதே பேசிவ் ஆப்டிகல் நெட்வொர்க்." ரெண்டையும் தனித்தனியா எழுதினா மார்க் வந்துடும். ஆனால் வைவாவில் ரெண்டையும் சேர்த்து ஒருத்தர் கேட்டால்? "பான் நெட்வொர்க்கில் எஸ்டிஎன் போடுறீங்க, சரி. எந்தக் கன்ட்ரோலை வெளியே எடுக்கிறீங்க?"

"எல்லாத்தையும் சார்" என்று சொன்னால் மாட்டிக்குவீங்க. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பான் எப்படி ஓடுது?

வீட்டுக்கு வரும் ஃபைபர் பிராட்பேண்டில் மூன்று பொருட்கள் இருக்கும். எக்ஸ்சேஞ்சில் ஓஎல்டி என்ற பெட்டி. வீட்டில் ஓஎன்யூ (மோடம் என்று நாம் சொல்வது அதைத்தான்). நடுவில் தெருவோரப் பெட்டியிலோ கம்பத்திலோ ஒரு ஸ்ப்ளிட்டர். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், ஐபி அட்ரஸ் கிடையாது, மூளையும் கிடையாது. ஒரு ஃபைபரில் வரும் ஒளியை 32 ஆகவோ 64 ஆகவோ பங்கு போடும் கண்ணாடித் துண்டு, அவ்ளோதான்.

இந்தியாவில் அதிகம் பார்ப்பது ஜிபான். ஐடியூ-வின் ஜி.984 என்ற தரம் அது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு 2.488 ஜிபிபிஎஸ், 1490 நானோமீட்டர் அலைநீளத்தில். வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு 1.244 ஜிபிபிஎஸ், 1310 நானோமீட்டரில். சி-டாட் உருவாக்கிய ஜிபான் கருவிகள் பாரத்நெட் திட்டத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் வரை போயிருக்கின்றன.

கீழே வரும் டேட்டாவில் பெரிய சிக்கல் இல்லை. ஓஎல்டி அனுப்பும் ஒளி 32 வீட்டுக்கும் போகும். அவங்கவங்க ஓஎன்யூ தனக்கு உரிய ஜெம் போர்ட் எண் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் டேட்டாவைப் படிக்க முடியாதபடி ஏஇஎஸ் என்க்ரிப்ஷன் இருக்கிறது.

சிக்கல் எல்லாம் மேலே போகும் டேட்டாவில்தான்.

ஒரே மைக், 32 பேச்சாளர்கள்

மேலே போகும்போது 32 வீடுகளும் ஒரே ஃபைபரில், ஒரே அலைநீளத்தில் பேச வேண்டும். ரெண்டு ஓஎன்யூ ஒரே நேரத்தில் லேசரை அடித்தால், ஓஎல்டிக்கு ரெண்டுமே புரியாது. ஈதர்நெட் பாடத்தில் படித்த மாதிரி "மோதினால் திரும்ப அனுப்பு" என்பதும் இங்கே வேலைக்கு ஆகாது. ஒரு வீட்டின் ஒளி இன்னொரு வீட்டு ஓஎன்யூவுக்குத் தெரியவே தெரியாது, அது ஸ்ப்ளிட்டர் வழியாக மேலே மட்டும்தான் போகும்.

அதனால் ஒரு பட்டிமன்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒரே மைக். நடுவர் சொன்னால்தான் பேசலாம், மணி அடித்தால் நிறுத்த வேண்டும். இங்கே நடுவர் ஓஎல்டி.

ஜிபானில் ஒரு ஃபிரேம் 125 மைக்ரோ விநாடி. ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் ஓஎல்டி ஒரு பட்டியல் அனுப்பும்: இந்த ஓஎன்யூ இத்தனையாவது பைட்டில் ஆரம்பித்து இத்தனையாவது பைட்டில் முடிக்கணும், அடுத்து அந்த ஓஎன்யூ. இதற்குப் பெயர் பேண்ட்விட்த் மேப். ஓஎன்யூக்கள் தங்கள் வரிசையில் எவ்வளவு டேட்டா காத்திருக்கிறது என்று ரிப்போர்ட் அனுப்பும். ஓஎல்டி அதைப் பார்த்து அடுத்த பட்டியலைத் தயார் செய்யும். இந்தக் கணக்குப் போடும் பகுதிதான் டிபிஏ, அதாவது டைனமிக் பேண்ட்விட்த் அலோகேஷன்.

இது ஏன் முக்கியம்? 1244 எம்பிபிஎஸ்ஸை 32 வீட்டுக்குச் சமமாகப் பங்கு போட்டு நிரந்தரமாகக் கொடுத்தால், ஆளுக்குச் சுமார் 39 எம்பிபிஎஸ்தான். வீட்டில் யாருமே இல்லாதவருக்கும் அதே 39. வீடியோ அப்லோடு பண்ணி அல்லாடுறவருக்கும் அதே 39. தேவை பார்த்து, 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை பங்கை மாற்ற முடிவதால்தான் பான் சிக்கனமாகவும் வேகமாகவும் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். ஒரு வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து 1 கி.மீ., இன்னொரு வீடு 18 கி.மீ. ஒளிக்கு ஃபைபரில் 1 கி.மீ. போக 5 மைக்ரோ விநாடி ஆகும். அதனால் ஓஎல்டி முதலில் ஒவ்வொரு ஓஎன்யூவின் தூரத்தையும் அளந்து, பக்கத்தில் உள்ளவரைக் கொஞ்சம் தாமதிக்கச் சொல்லி, எல்லாரும் ஒரே தூரத்தில் இருப்பது போல ஆக்கிவிடும். இதை ரேஞ்சிங் என்பார்கள். நேரத்தை இவ்வளவு துல்லியமாகப் பிடித்துக்கொண்டு ஓடும் நெட்வொர்க் இது.

சரி, எஸ்டிஎன் எதுக்கு?

இவ்வளவு நல்லா ஓடுதே, பிறகு எதுக்கு எஸ்டிஎன் என்று கேட்கலாம். ஓட்டுகிறவர் பக்கம் நின்று பாருங்கள்.

பழைய முறையில் ஓஎல்டி ஒரு பெரிய சேசிஸ். அதன் ஹார்டுவேர், உள்ளே ஓடும் சாஃப்ட்வேர், அதை மேனேஜ் பண்ணும் ஈஎம்எஸ் மூன்றும் ஒரே கம்பெனி. ஓஎல்டியும் ஓஎன்யூவும் பேசிக்கொள்ள ஓஎம்சிஐ என்ற மொழி ஜி.988 தரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தரத்தில் ஒரே வேலையைப் பல விதமாகச் செய்ய இடமுண்டு. அதனால் ஒரு கம்பெனி ஓஎல்டியும் இன்னொரு கம்பெனி ஓஎன்யூவும் ஒத்துப்போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஆபரேட்டர் ரெண்டு கம்பெனியிடம் வாங்கினால் ரெண்டு ஈஎம்எஸ், ரெண்டு கமாண்ட் செட், ரெண்டு டிரெய்னிங். புதுசா ஒரு பிளான் அறிமுகப்படுத்தணும்னா கம்பெனியின் அடுத்த சாஃப்ட்வேர் வெளியீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

இதே கதை டேட்டா சென்டர் சுவிட்சுகளிலும் இருந்தது. 2008-இல் ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியூன் உள்ளிட்டோர் ஓப்பன்ஃப்ளோ பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். சுவிட்சுக்குள் "இப்படிப்பட்ட பாக்கெட் வந்தால் இப்படிச் செய்" என்ற விதிகள் மட்டும் இருக்கட்டும், விதிகளை எழுதுவது வெளியே ஒரு கன்ட்ரோலரின் வேலை என்பதுதான் யோசனை. 2011-இல் ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷன், சுருக்கமாக ஓஎன்எஃப், தொடங்கியது. அடுத்து எல்லாரும் கேட்ட கேள்வி: இதை ஆக்சஸ் நெட்வொர்க்குக்கும் கொண்டு வரலாமா?

ஒரு சின்னக் கணக்கு

இங்கேதான் "எல்லாத்தையும்" என்ற பதில் உடையும். பேப்பர், பேனா எடுங்க.

கன்ட்ரோலர் சென்னையில் இருக்கிறது, ஓஎல்டி 300 கி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட திருச்சி தூரம். கி.மீ.க்கு 5 மைக்ரோ விநாடி வீதம் போக 1.5 மில்லி விநாடி, வர 1.5 மில்லி விநாடி. மொத்தம் 3 மில்லி விநாடி. இது வெறும் ஒளியின் பயண நேரம். நடுவில் உள்ள ரூட்டர்களின் தாமதமும், கன்ட்ரோலர் யோசிக்கும் நேரமும் சேர்க்கவில்லை.

3 மில்லி விநாடிக்குள் எத்தனை ஃபிரேம் ஓடியிருக்கும்? 3000-ஐ 125-ஆல் வகுத்தால் 24. அதாவது "வீட்டு எண் 7-இல் டேட்டா குவிஞ்சிருக்கு" என்ற ரிப்போர்ட் சென்னைக்குப் போய், பதில் வருவதற்குள் 24 பட்டியல்கள் காலாவதி. அந்த நேரத்தில் 1.244 ஜிபிபிஎஸ் லைனில் சுமார் 37 லட்சம் பிட்டுகள் போயிருக்கலாம். பழைய செய்தியை வைத்துப் புதிய பட்டியல் போட்டால், காலியான வீட்டுக்கு இடம் கொடுத்து, நிறைந்த வீட்டைக் காக்க வைப்போம்.

கன்ட்ரோலரை அதே எக்ஸ்சேஞ்சில் வைத்தால்? தூரம் தீரும், நேரக்கெடு தீராது. 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை, ஒரு தடவைகூடத் தவறாமல் பதில் தர வேண்டும். சாதாரண லினக்ஸ் சர்வரில் பல வேலைகள் ஓடும்போது அந்த உறுதியைப் பெறுவது கடினம். ஓஎல்டி சிப்புக்குள் இந்த வேலை ஹார்டுவேரிலேயே நடக்கிறது.

அப்போ முடிவு? நடுவரின் மணியைப் பிடுங்காதீங்க. யார் யார் பேசுவது, யாருக்கு மொத்தம் எவ்வளவு நேரம், யாருக்கு முன்னுரிமை என்பதை விழாக் கமிட்டி முடிவு செய்யட்டும். மேடையில் மணி அடிப்பது நடுவரிடமே இருக்கட்டும். பானில் எஸ்டிஎன் என்றால் கொள்கை வெளியே, கணநேர முடிவு உள்ளே. கன்ட்ரோல் பிளேன் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதை நேர அளவைப் பார்த்து ரெண்டாக வெட்ட வேண்டும். மில்லி விநாடி, விநாடி தாங்கும் வேலைகள் கன்ட்ரோலருக்கு. மைக்ரோ விநாடி வேலைகள் ஓஎல்டிக்கு.

வோல்தா: பான் முழுக்க ஒரே சுவிட்ச்

இந்த வெட்டை நிஜமாகச் செய்து காட்டியது ஓஎன்எஃப்-இன் வோல்தா என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம். விர்ச்சுவல் ஓஎல்டி ஹார்டுவேர் அப்ஸ்ட்ராக்‌ஷன் என்பதன் சுருக்கம் அது. இப்போது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ் இருக்கிறது.

அதன் யோசனை அழகானது. ஒரு ஓஎல்டி, அதன் கீழே உள்ள எல்லா ஸ்ப்ளிட்டர்கள், எல்லா ஓஎன்யூக்கள், இது எல்லாம் சேர்ந்து மேலே உள்ள கன்ட்ரோலருக்கு ஒரே ஒரு ஈதர்நெட் சுவிட்ச் மாதிரி தெரியும். ஒவ்வொரு வீட்டு ஓஎன்யூவின் போர்ட்டும் அந்தச் சுவிட்சின் ஒரு போர்ட். மேலே இன்டர்நெட் பக்கம் போகும் லைன் இன்னொரு போர்ட். கன்ட்ரோலருக்கு ரேஞ்சிங் தெரியாது, ஜெம் போர்ட் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கன்ட்ரோலராக வழக்கமாக ஓனோஸ் இருக்கும். அது வோல்தாவிடம் ஓப்பன்ஃப்ளோவில் சொல்லும்: "இந்தப் போர்ட்டில் வரும் பாக்கெட்டுக்கு இந்த விலான் டேக் போட்டு மேலே அனுப்பு. வேகம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது." வோல்தா இந்த ஒரு விதியை ரெண்டாக உடைக்கும். வீட்டில் டேக் போடும் பாதியை ஓஎம்சிஐ மெசேஜாக மாற்றி ஓஎன்யூவுக்கு அனுப்பும். மீதிப் பாதியை ஜிஆர்பிசி வழியாக ஓஎல்டிக்கு அனுப்பும். வேக வரம்பு, ஓஎல்டியின் டிபிஏவுக்குப் புரியும் அளவுகளாக மாறும்: நிச்சயம் தரவேண்டிய பேண்ட்விட்த் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு. அதன் பிறகு 125 மைக்ரோ விநாடிக் கணக்கு ஓஎல்டியின் சொந்த வேலை. பார்த்தீங்களா, வெட்டு சரியாக எங்கே விழுந்திருக்குன்னு?

கீழே எந்தக் கம்பெனி ஓஎல்டி என்பதை அடாப்டர் என்ற பகுதி பார்த்துக்கொள்ளும். லினக்ஸுக்கு டிவைஸ் டிரைவர் எப்படியோ, வோல்தாவுக்கு அடாப்டர் அப்படி. முழுவதும் சின்னச் சின்ன சர்வீஸ்களாகக் குபர்நெட்டிஸ் மேல் ஓடுகிறது. ஆரம்பத்தில் பைத்தானில் எழுதிய மையப் பகுதியைப் பிறகு கோ மொழிக்கு மாற்றினார்கள்.

ஒரே பெட்டி, மூன்று கம்பெனி, மூன்று வழக்கம்

இதனால் என்ன லாபம்? வோல்தாவின் ஆவணங்களில் மூன்று ஆபரேட்டர்களின் வழக்கங்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஏடி அண்ட் டி வழக்கத்தில், ஓஎன்யூ உயிர் பெற்றதும் முதலில் 802.1எக்ஸ் லாகின் மெசேஜை மட்டும் கன்ட்ரோலருக்கு அனுப்பும் விதி போடப்படும். அடையாளம் உறுதியானபின் டிஹெச்சிபி, அதற்குப் பிறகுதான் டேட்டாவுக்கான விதிகள். காலேஜ் கேட்டில் ஐடி கார்டு காட்டியபின் உள்ளே விடுவது போல.

ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வழக்கத்தில் ஆக்சஸ் நெட்வொர்க் லாகினே கேட்காது. அது மேலே உள்ள பிஎன்ஜியின் வேலை. கனெக்‌ஷன் பதிவானதும் டேட்டா விதிகள் நேராகப் போய்விடும். துருக்கியின் துர்க் டெலிகாம் வழக்கத்தில் ஒரே வீட்டுக்கு இன்டர்நெட், போன், டிவி எனப் பல சர்வீஸ்கள், தனித்தனி டேக்குகளுடன் போகும்.

பழைய முறையில் இந்த மூன்றும் பெட்டி செய்யும் கம்பெனியிடம் மூன்று கோரிக்கைகள். இங்கே கன்ட்ரோலரின் மேல் ஓடும் ஆப்பில் மாற்றம், அவ்ளோதான். பெட்டியைத் தொடவே வேண்டாம். டாய்ச்ச டெலிகாம் தன் ஆக்சஸ் 4.0 திட்டத்தில் வோல்தாவை எடுத்துக்கொண்டு, ஸ்டுட்கார்ட் நகரில் உண்மையான வாடிக்கையாளர்களுக்குக் கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறது. ஆகவே இது லேபோடு நின்றுவிட்ட சமாச்சாரம் இல்லை.

முன்கூட்டியே தெரிந்தால் தூரம் பிரச்சினை இல்லை

"மணி நடுவர் கையில்" என்ற விதிக்கு ஒரு சுவாரஸ்யமான கிளை இருக்கிறது. வெளியே இருப்பவர் வேகமாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்தால், சொல்லி வைக்கலாம் இல்லையா?

மொபைல் டவரின் ஒரு பகுதியைப் பான் வழியாக இணைக்கும்போது இதுதான் நடக்கிறது. எந்த போன் எப்போது பேசலாம் என்பதை பேஸ் ஸ்டேஷன்தான் சில மில்லி விநாடிகளுக்கு முன்பே முடிவு செய்கிறது. ஓஎன்யூவிடம் டேட்டா குவிந்து, அது ரிப்போர்ட் அனுப்பி, பிறகு இடம் வாங்கினால் தாமதம். அதற்குப் பதில் பேஸ் ஸ்டேஷன் தன் அட்டவணையை ஓஎல்டிக்கு முன்பே காட்டிவிட்டால், டேட்டா வந்து சேரும்போது இடம் தயாராக இருக்கும். இதற்குக் கோஆப்பரேட்டிவ் டிபிஏ என்று பெயர். ஓ-ரான் அமைப்பு இதற்கென ஒரு இன்டர்ஃபேஸையே வகுத்திருக்கிறது.

இன்னொரு பாதையும் உண்டு. ஒரே ஃபைபரைப் பல ஆபரேட்டர்கள் பகிர்ந்தால், டிபிஏ யாருடைய விதிப்படி ஓடும்? டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மார்கோ ரஃபினியின் குழு விர்ச்சுவல் டிபிஏ என்ற முறையை ஆராய்ந்தது. ஒவ்வொரு ஆபரேட்டரும் தன் பட்டியலைத் தானே போடுவார், ஒரு இணைப்புப் பகுதி எல்லாவற்றையும் மோதாமல் ஒரே பட்டியலாகக் கோக்கும். இங்கே டிபிஏ சாஃப்ட்வேருக்கு வந்துவிட்டாலும், அது ஓஎல்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். கணக்கு மாறவில்லை, கவனித்தீங்களா?

கன்ட்ரோலர் படுத்துட்டா?

வைவாவில் கட்டாயம் வரும் கேள்வி இது. வெட்டு சரியான இடத்தில் இருந்தால் பதில் சுலபம். விதிகள் ஏற்கெனவே ஓஎல்டியிலும் ஓஎன்யூவிலும் இருக்கின்றன. டிபிஏவும் அங்கேயே ஓடுகிறது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு நெட் நிற்காது. புதுக் கனெக்‌ஷன், பிளான் மாற்றம், மறுபடி லாகின் ஆக வேண்டியவர்கள், இவர்கள் மட்டும் காத்திருக்க வேண்டும். டிபிஏவையும் தூரத்துக் கன்ட்ரோலருக்குக் கொண்டு போயிருந்தால்? ஒரு ஃபைபர் அறுந்த நொடியில் அந்த ஊர் முழுக்க அப்லோடு நின்றிருக்கும்.

எஸ்டிஎன்னால் தீராததும் உண்டு. ஏதோ ஒரு வீட்டு ஓஎன்யூ பழுதாகி, தன் முறை இல்லாதபோதும் லேசரை அடித்துக்கொண்டே இருந்தால், அதே ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீடும் பாதிக்கப்படும். நடுவர் மணி அடித்தும் மைக்கை விடாத பேச்சாளர் மாதிரி. இதற்கு ரோக் ஓஎன்யூ என்று பெயர். சாஃப்ட்வேர் ஆளைக் கண்டுபிடித்து அணைக்கச் சொல்லலாம். அது கேட்காத நிலைக்குப் போயிருந்தால், ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பிடுங்கத்தான் வேண்டும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் யோசிக்கிறவங்களுக்கு

கடைசியா ஒரு எச்சரிக்கையும் ஒரு யோசனையும்.

எச்சரிக்கை: மினிநெட்டில் ஒரு சுவிட்ச், கீழே 32 ஹோஸ்ட் போட்டு "எஸ்டிஎன் பேஸ்டு பான்" என்று பெயர் வைக்காதீங்க. அங்கே ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் தனி லிங்க் இருக்கும். பகிர்ந்த மைக் இல்லை, ரேஞ்சிங் இல்லை, 125 மைக்ரோ விநாடி இல்லை. அதாவது பானே இல்லை. வெளித் தேர்வாளர் ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார்.

யோசனை: வேலையை அதே வெட்டின்படி ரெண்டாகப் பிரியுங்கள். கன்ட்ரோலர் பாதிக்கு வோல்தாவோடு வரும் பிபிசிம் என்ற சிமுலேட்டரை எடுங்கள். டாக்கர், கைண்ட், ஹெல்ம் தெரிந்தால் போதும், ரேம் தாராளமா உள்ள லேப்டாப்பிலேயே ஒரு போலி ஓஎல்டியும் பல போலி ஓஎன்யூக்களும் எழுந்து நிற்கும். ஒரு ஓஎன்யூ எழுவது முதல் கடைசி விதி இறங்குவது வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கலாம். ஓஎன்யூ எண்ணிக்கையைக் கூட்டி, எங்கே திணறுகிறது என்று பார்க்கலாம். ஆனால் பிபிசிம் கன்ட்ரோல் மெசேஜ்களுக்கானது, டிபிஏ நேரத்தை அதில் அளக்க முடியாது. டிபிஏ பாதிக்குப் பைத்தானில் நீங்களே ஒரு சின்ன சிமுலேட்டர் எழுதுங்கள்: 32 வரிசைகள், 125 மைக்ரோ விநாடி ஃபிரேம், ரிப்போர்ட் வந்து சேரும் தாமதம் ஒரு மாறி. அந்தத் தாமதத்தை 0.2 மில்லி விநாடியிலிருந்து 3 மில்லி விநாடி வரை ஏற்றிக்கொண்டே போய், காத்திருப்பு நேரத்துக்கு கிராஃப் போடுங்கள்.

மூளையை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம் என்ற கேள்விக்கு உங்க சொந்த பதில் அந்த கிராஃபில் இருக்கும். வைவாவில் அதைக் காட்டுங்க, மீதியை அதுவே பேசும்.